மேசாவில் என் தண்ணீர் முறை

(பழைய மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் போன் செய்து, "தம்பி, அமெரிக்காவில் சிப் தொழிற்சாலையில் இருக்கியே, அதைப் பற்றி இருபது நிமிஷம் பேசு" என்றார். சரிங்கண்ணே என்று சொல்லிவிட்டேன். ஆனால் தொழிற்சாலையைப் பற்றிப் பேச எனக்கு அனுமதி கிடையாது. அனுமதி இருந்தாலும், குளிரூட்டும் கோபுரத்தையும் சுத்திகரித்த நீரையும் பற்றி ஞாயிற்றுக்கிழமை காலையில் கேட்க உங்களுக்குப் பொறுமை இருக்காது. அதனால் நான் குடியிருக்கும் தெருவைப் பற்றிப் பேசுகிறேன். அண்ணன் மன்னிக்கணும்.

அரிசோனா மாநிலத்தில் ஃபீனிக்ஸ் நகரத்துக்குக் கிழக்கே மேசா என்று ஓர் ஊர். ஸ்பானிய மொழியில் 'மேசா' என்றால் மேசை. மேசை போலத் தட்டையான மேட்டு நிலம் என்பதால் அந்தப் பெயர். நாம் சொல்லும் 'மேசை' போர்த்துக்கீசியர் வழியாக வந்த அதே சொல்தான். 1950-இல் அந்த ஊரின் மக்கள்தொகை சுமார் 17 ஆயிரம். 2020 கணக்கெடுப்பில் ஐந்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. சுற்றிலும் பாலைவனம். ஆளுயரக் கள்ளிச் செடி என்று படத்தில் பார்த்திருப்பீர்கள். நேரில் அது தென்னை உயரத்துக்கு நிற்கும்.

நான் 2013-இல் மேற்படிப்புக்காகப் பக்கத்து ஊரான டெம்பிக்குப் போனேன். படிப்பு முடிந்து, வேலை கிடைத்து, கல்யாணம் ஆகி, 2018-இல் வீடு தேடினோம். என்னோடு வேலை பார்த்த நம்மவர்கள் எல்லோரும் தென்கிழக்கே போனார்கள். அங்கே நேற்றுவரை பருத்தியும் குதிரைமசாலும் விளைந்த நிலத்தில் புதுப்புது மனைப்பிரிவுகள். இரண்டு மாடி, நான்கு படுக்கையறை, வாசலில் ஜல்லி, நீச்சல் குளம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வங்கிக்காரர் காட்டிய மாதத் தவணையைப் பார்த்ததும் என் மனைவி, "இதைக் கட்டினால் ஊருக்கு டிக்கெட் எடுக்க முடியாதுங்க" என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மேற்கு மேசாவில் ஒரு வீடு கிடைத்தது. 1950-களில் கட்டியது. கான்கிரீட் பிளாக் சுவர், தாழ்ந்த கூரை, மாடி கிடையாது, கார் நிறுத்த ஒரு போர்ட்டிகோ. சமையலறையில் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வெளியே நிற்க வேண்டும். தெருவில் எங்களைத் தவிர இந்தியக் குடும்பம் கிடையாது. பாதிப்பேர் பல ஆண்டுகளாக இருக்கும் வெள்ளைக்காரப் பெரியவர்கள், மீதிப்பேர் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்கள். கொத்தனார், மெக்கானிக், பள்ளி வாகன ஓட்டுநர் இப்படி. "ஏண்டா அந்தப் பழைய ஏரியாவுல போய் விழுந்தே?" என்று நண்பர்கள் கேட்டார்கள். என் சக்திக்கு அதுதான் முடிந்தது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. தொழிற்சாலைக்குப் பக்கம் என்று ஒரு பொய் சொன்னேன். பக்கம்கூடக் கிடையாது.

வீட்டைப் பார்க்கப் போன அன்று இரண்டு விஷயம் கவனித்தேன். ஒன்று, தெருவுக்குள் கார் திரும்பியதும் நிழல். பாலைவனத்தில் அப்படி மரம் நான் பார்த்ததில்லை. ஆரஞ்சு, பம்ளிமாஸ் மாதிரி பெரிய கிரேப்ஃப்ரூட், பீக்கான் கொட்டை மரம், மல்பெரி. எலுமிச்சை வகை மரங்களுக்கெல்லாம் வெயில் சுடாதபடி அடிமரத்தில் வெள்ளை அடித்திருந்தார்கள். இரண்டாவது, எல்லா வீட்டு முற்றமும் வீட்டைவிட அரை அடி தாழ்ந்திருந்தது. அதைச் சுற்றி வரப்பு! மேலூர்ப் பக்கத்து விவசாயி வீட்டுப் பிள்ளைக்கு வரப்பைக் காட்டி, இது என்ன என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் அமெரிக்க வீட்டு வாசலில் வரப்பு எதற்கு என்று புரியவில்லை.

குடிபோன பத்தாம் நாள் புரிந்தது. பக்கத்து வீட்டுப் பெரியவர் கதவைத் தட்டினார். அப்போதே அவருக்கு எண்பதை நெருங்கும் வயது. டெலிபோன் கம்பெனியில் கம்பம் ஏறி வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கையில் ஒரு இரும்புச் சாவி, அதாவது வால்வு திருகும் டி வடிவக் கம்பி. "உன் முறை புதன்கிழமை அதிகாலை 3.10-க்கு. ஒரு மணி நேரம். எனக்கு அடுத்து நீ, உனக்கு அடுத்து எதிர் வீட்டு அம்மா. தாமதமானால் அவர் உன்னை மன்னிக்க மாட்டார்" என்றார்.

முறை! அந்தச் சொல்லை அவர் ஆங்கிலத்தில்தான் சொன்னார். என் காதில் தமிழில் விழுந்தது. எங்கள் தாத்தா, "இன்னைக்கு ராத்திரி நமக்கு முறைடா" என்று அரிக்கேன் விளக்கோடு கிளம்புவது நினைவுக்கு வந்தது. எங்கள் ஊரில் மடையைத் திறந்து அளந்து விட ஒரு நீர்ப்பாய்ச்சி இருப்பார். அங்கேயும் ஒருவர் இருக்கிறார்! கால்வாய் ஓரமாக வண்டியில் வந்து மடையைத் திறந்து எங்கள் தெருக் குழாய்க்குத் தண்ணீர் விடுவார். அவருக்கு ஸ்பானியப் பெயர்தான் இன்றும்: 'சாங்ஹேரோ'. வாய்க்கால்காரர் என்று அர்த்தம். கம்ப்யூட்டரில் அட்டவணை வரும், போனில் நேரம் பார்க்கலாம். ஆனால் கடைசியில் ஒரு ஆள் வந்து மடையைத் திறந்தால்தான் தண்ணீர்.

இந்தத் தண்ணீர் எப்படி வந்தது என்பதை நம் சிவில் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். ஹோஹோகாம் என்ற பழங்குடி மக்கள் பல நூறு ஆண்டுகளுக்கு முன் சால்ட் ஆற்றிலிருந்து நூற்றுக்கணக்கான மைல் நீளத்துக்குக் கால்வாய் வெட்டினார்கள். இரும்பு கிடையாது, மாடு கிடையாது. மரக் கம்பும் கல்லும் கூடையும்தான். லெவல் பார்க்கும் கருவி இல்லாமல் அவர்கள் எடுத்த சரிவைப் பார்த்தால், சர்வே வகுப்பில் நாம் வாங்கிய மார்க்கை நினைத்து வெட்கப்படணும். 1450 வாக்கில் அவர்கள் அந்தக் கால்வாய்களைக் கைவிட்டார்கள். 1878-இல் வந்து மேசாவை உண்டாக்கியவர்கள் அந்தப் பழைய தடத்தையே தூர்வாரித் தண்ணீர் கொண்டு வந்தார்கள். அழிந்த குடியிருப்பின் மேல் எழுந்த ஊர் என்பதால்தான் பக்கத்து நகரத்துக்கு, சாம்பலில் இருந்து எழும் பறவையின் பெயராக ஃபீனிக்ஸ் என்றே வைத்தார்கள். 1903-இல் பள்ளத்தாக்கின் நிலக்காரர்கள் சங்கமாகச் சேர்ந்து, தங்கள் நிலத்தையே ஈடாக வைத்து அரசிடம் கடன் வாங்கி அணை கட்ட முன்வந்தார்கள். 1911 மார்ச்சில் தியோடர் ரூஸ்வெல்ட் நேரில் வந்து, தன் பெயர் கொண்ட அணையைத் திறந்து வைத்தார். நம் பெரியாறு அணைக்கு 16 வயது இளைய அணை அது.

அன்று ஈடு வைத்த நிலத்துக்கு இன்றும் தண்ணீர் உரிமை உண்டு. வயல் தோப்பாகி, தோப்பு மனையாகி, மனையில் நான் குடிவந்த பிறகும் அந்த உரிமை நிலத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. சால்ட் ரிவர் ப்ராஜெக்ட் என்ற நிறுவனம் கோடையில் ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தண்ணீர் விடும். அதற்கு நான் கட்டும் தொகை, எங்கள் வீட்டு மின்கட்டணத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. கால்வாயில் பாசி பிடிக்காமல் இருக்க மீன் வளர்க்கிறார்கள். என்ன மீன் என்று விசாரித்தேன். நம்ம புல்கெண்டை!

சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். இது கொஞ்சம் கஷ்டமான பகுதி.

2020 ஜூலை. தொழிற்சாலையில் 12 மணி நேர ஷிப்ட் முடித்து வந்தேன். என் முறை அதிகாலை 2.20-க்கு. வால்வைத் திறந்தேன், தண்ணீர் கொப்பளித்து வந்தது. ஐந்து நிமிஷம் உட்காருவோம் என்று போர்ட்டிகோவில் நாற்காலியைப் போட்டேன். கண் விழித்தபோது விடிந்திருந்தது. வால்வு மூடியிருந்தது. நான் மூடவில்லை.

என் முற்றம் நிறைந்து, வரப்பு ஓர் இடத்தில் உடைந்து, தண்ணீர் பெரியவரின் பின்பக்கப் பட்டறைக்குள் போயிருக்கிறது. அவருக்குச் சத்தம் கேட்டு எழுந்து வந்து, என் வால்வை மூடி, மண்வெட்டியால் உடைப்பை அடைத்திருக்கிறார். எண்பது வயது தாண்டியவர், அந்த இருட்டில் தனியாக! என்னை எழுப்பவே இல்லை. பட்டறைத் தரையில் அட்டைப் பெட்டிகள் நனைந்து உப்பிக் கிடந்தன. அதில் இரண்டு பெட்டி முழுக்க, இறந்துபோன அவர் மனைவியின் புகைப்படங்கள்.

எனக்குக் கை கால் ஆடிவிட்டது. ஆங்கிலத்தில் எத்தனை விதமாக மன்னிப்புக் கேட்க முடியுமோ அத்தனையும் கேட்டேன். பணம் தருகிறேன் என்றும் சொன்னேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அவர் பதில் சொல்லாமல் உள்ளே போய்த் துணி மாட்டும் கிளிப்புகள் கொண்டு வந்தார். காலை வெயில் ஏறுவதற்குள் நாங்கள் இரண்டு பேரும், அப்புறம் என் மனைவியும் எதிர் வீட்டு அம்மாவும் சேர்ந்து, போர்ட்டிகோ நிழலில் கயிறு கட்டிப் படங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து மாட்டினோம். ஒட்டிக்கொண்ட சில படங்கள் பிரிக்கும்போதே கிழிந்தன. ஒன்றில் அவர் மனைவி இதே தெருவில், முழங்கால் தண்ணீரில், சேலை மாதிரி எதையோ தூக்கிச் செருகிக்கொண்டு சிரிக்கிறார். நெடுநேரம் கழித்துப் பெரியவர், "1974-இல் நான் தூங்கிப்போய் மறுபக்கத்து வீட்டுக்காரரின் புது கம்பளத்தை முழுக்கினேன். அவர் இரண்டு வருஷம் என்னோடு பேசவில்லை. எனக்கு அவ்வளவு நேரம் இல்லை" என்றார்.

பக்கத்து வீட்டுக்காரர் என்றால் என்ன என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. புது மனைப்பிரிவில் என் நண்பனுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் நான்கு வருஷமாகத் தெரியாது. அவன் மேல் குற்றம் இல்லை. தெரிந்துகொள்ளும் அவசியம் அவனுக்கு வரவில்லை, அவ்வளவுதான். எங்களுக்கு ஒரே குழாய். அவர் மூடினால்தான் எனக்கு வரும்.

2022-இல் அப்பா வந்திருந்தார். முதல்முறை தண்ணீர் பாய்ச்சுவதைப் பார்த்துவிட்டு அரை மணி நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "ஏண்டா, இம்புட்டுத் தண்ணியவும் கொண்டாந்து புல்லுக்கா பாய்ச்சுறாய்ங்க?"

நான் கணக்குப் போட்டேன். மனை 25 சென்ட். வீடும் பாதையும் போக 17 சென்ட் நனைகிறது. நான்கு அங்குலம் நின்றால் ஒரு முறைக்கு ஏறக்குறைய 70 ஆயிரம் லிட்டர். 2019 கோடையில் சென்னையில் குடத்தோடு லாரிக்கு நின்றவர்கள் இந்த அவையில் இருப்பீர்கள். 12 ஆயிரம் லிட்டர் லாரி என்றால் ஆறு லாரி, புல்லுக்கு! அப்பாவிடம் உரிமை, சட்டம், 1903 என்று விளக்கினேன். "உரிமை இருக்கட்டும்டா. புல்லை மாடு தின்னுதா?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றும் முழுப் பதில் இல்லை. முன்பக்கப் புல்லைப் பாதி எடுத்துவிட்டு வரப்பை உள்ளே தள்ளினோம். தண்ணீர் பாயும் பரப்பு குறைந்தது. அந்த இடத்தில் மாதுளை, முருங்கை, கறிவேப்பிலை. முருங்கை அந்த வெயிலுக்குப் பேயாட்டம் வளர்கிறது. தெரு முழுக்க முருங்கைக்காய் கொடுத்துப் பார்த்தோம், வாங்கிக்கொண்டார்கள். என்ன செய்தார்கள் என்று கேட்கவில்லை.

அந்த வருஷம்தான் குழாய் உடைந்தது. கால்வாய் மடைவரைதான் நிறுவனத்தின் பொறுப்பு. அதற்குப் பிறகு தெருவுக்குள் வரும் குழாய் எங்கள் சொத்து, எங்கள் தலைவலி. பழைய கான்கிரீட் குழாய்க்குள் மல்பெரி வேர் நுழைந்து பிளந்துவிட்டது. அந்தக் குழாயில் பதினொரு வீடு. ஆறு வீடுதான் தண்ணீர் வாங்குகிறது. மற்ற வீடுகளை விற்றுவிட்டார்கள். வாங்கியவர்கள் மரத்தை வெட்டி, முற்றத்தை நிரவி, ஜல்லி கொட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். செலவில் பங்கு கேட்டால், "எங்களுக்குத் தண்ணீர் வேண்டாமே" என்கிறார்கள். நியாயம்தான், என்ன சொல்வது? ஒப்பந்தக்காரர் கேட்ட தொகையைக் கேட்டு எதிர் வீட்டு அம்மா சிலுவை போட்டுக்கொண்டார். ஆறில் இரண்டு பேர் விலகினால் மற்ற நால்வரால் முடியாது; இரண்டு கோடையில் மரங்கள் போய்விடும். எங்கள் போர்ட்டிகோவில்தான் கூட்டம். அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் விவகாரம் புரிந்துவிட்டது. "குடிமராமத்து பண்ணுங்கடா" என்றார்.

நான் அதை மொழிபெயர்த்துச் சொன்னேன். எங்கள் ஊரில் கண்மாயையும் வாய்க்காலையும் பாசனக்காரர்களே ஆள் போட்டுப் பராமரிப்பது பழைய வழக்கம், ஆள் அனுப்ப முடியாதவர் வேறு வகையில் ஈடு செய்வார் என்றேன். பள்ளி வாகன ஓட்டுநர், "என் தாத்தாவும் மெக்சிகோவில் அப்படித்தான் செய்தார்" என்றார். அவ்வளவுதான். மூன்று சனிக்கிழமை தோண்டினோம். கொத்தனார் எதிர் வீட்டு அம்மாவின் மருமகன். குழாய் பொருத்தியது அவர். லெவல் பார்த்தது நான். சர்வே வகுப்பு வாழ்க்கையில் முதல்முறையாகப் பயன்பட்டது. பெரியவரால் மண்வெட்டி பிடிக்க முடியவில்லை. நாற்காலி போட்டு உட்கார்ந்து, எந்த இடத்தில் எந்த வருஷம் என்ன உடைந்தது என்று சொன்னார். அப்பாவும் அவரும் ஒரு வார்த்தை பொதுவில்லாமல் மணிக்கணக்காகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த ஆண்டின் வெயிலைப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். 2023 ஜூன் 30 முதல் 31 நாள் தொடர்ந்து 110 டிகிரி ஃபாரன்ஹீட்டும் அதற்கு மேலும், அதாவது தினமும் 43 டிகிரி செல்சியஸுக்கு மேல். அந்த ஆண்டு எங்கள் மாவட்டத்தில் மட்டும் வெயில் தொடர்பாக 645 பேர் இறந்தார்கள். வீடில்லாதவர்கள், தனியாக இருந்த முதியவர்கள், குளிர்சாதனம் பழுதான வீட்டில் இருந்தவர்கள். என் நண்பன் வீட்டிலும் பழுதாகிவிட்டது. மெக்கானிக் வர மூன்று நாள். குழந்தைகளோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். எங்கள் வீட்டிலும் குளிர்சாதனம் இல்லாமல் இருக்க முடியாது, அதில் பெருமை பேச ஒன்றுமில்லை. ஆனால் மேற்குச் சுவரில் பீக்கான் மர நிழல் விழுகிறது. இரவு பத்து மணிக்கு நெடுஞ்சாலையில் இருந்து எங்கள் தெருவுக்குள் திரும்பினால் என் கார் வெப்பமானி மூன்று நான்கு டிகிரி இறங்கும். நண்பனின் பிள்ளைகள் அன்றிரவு முற்றத்துத் தண்ணீரில் குதித்த குதியில், நாயெல்லாம் ஓடிவிட்டது.

அந்த ஜூனில்தான் மாநில அரசு, ஃபீனிக்ஸ் வட்டாரத்தில் நிலத்தடி நீரை மட்டும் நம்பும் புதிய மனைப்பிரிவுகளுக்கு இனிச் சான்று இல்லை என்று அறிவித்தது. நூறு வருஷத்துக்குத் தண்ணீர் இருப்பதாகக் காட்டினால்தான் மனை பிரிக்கலாம் என்பது அங்கே 1980-இலிருந்து சட்டம். நண்பனுடைய வீட்டுக்குச் சான்று ஏற்கெனவே இருக்கிறது, அவனுக்குப் பயமில்லை. ஆனாலும் மூன்றாம் நாள் இரவு, "உங்க தெருவுல வீடு ஏதாச்சும் விலைக்கு வருதாடா?" என்று கேட்டான். ஐந்து வருஷத்துக்கு முன் என்னைக் கேலி செய்தது அவன்தான். நான் அதை நினைவுபடுத்தவில்லை. என் மனைவி நினைவுபடுத்தினாள்.

பெரியவர் 2024 பிப்ரவரியில் காலமானார். வீடு விலைக்கு வந்தது. நண்பனிடம் சொன்னேன், அறை போதாது என்றான், அதுவும் உண்மைதான். ஜல்லிக்காரர்கள் இரண்டு பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அந்த இரண்டு மாதம் எனக்குத் தூக்கமில்லை. அவருடையது குழாயின் நடுவில் இருக்கும் வீடு. அது விலகினால் ஆறு ஐந்தாகும். பெரியவரின் மகளிடம் வாய்விட்டுக் கேட்கவும் முடியாது, அவருக்குப் பணம் வேண்டும். கடைசியில் வாங்கியது ஓர் இளம் ஜோடி. அவன் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவன், அவள் ஆசிரியை. என்னைப் போலவே, கையில் இருந்த பணத்துக்கு அதுதான் கிடைத்தது என்று வந்தவர்கள். முற்றம் ஏன் பள்ளமாக இருக்கிறது என்று என்னிடம் கேட்டான். பெரியவரின் மகள் என்னிடம் கொடுத்திருந்த டி கம்பியை எடுத்துக்கொண்டு போனேன்.

அவனுக்கு வரப்பு கட்டத் தெரியவில்லை. காலால் மிதிக்க வேண்டும் என்று சொன்னால் செருப்பு அழுக்காகும் என்கிறான். போகப் போகச் சரியாகும்.

நான் ஊருக்கு வந்து பத்து நாள் ஆகிறது. அரிசோனாவில் கோடைக்கும் குளிருக்கும் கடிகாரத்தை மாற்றுவதில்லை. நமக்கும் அவர்களுக்கும் எப்போதும் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம். இந்தமுறை எங்கள் வீட்டு முறை அங்கே ஞாயிறு அதிகாலை 1.30-க்கு. இங்கே இன்று மதியம் இரண்டு மணி. என் வால்வையும் அந்தப் பையனே திறந்து மூடுவதாகச் சொல்லியிருக்கிறான். எழுப்பிவிட வேண்டியது நான். அதனால் விருந்துக்கு நடுவில், இலையில் பாயசம் இருக்கும்போது நான் போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினால், யாரும் தவறாக நினைக்க வேண்டாம்.